வண்டி நேராக நின்ற காலை

போன மாதம் வித்துரா சந்தை முக்கில், நின்றுகொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டிக்குப் பின்னால் முட்டி போட்டுக் குனிந்திருந்தேன். பொன்முடியில் ஏதோ படப்பிடிப்பாம். அதற்காகப் பெரிய ஜெனரேட்டர் டிரெய்லர் ஒன்றை அந்த வண்டி இழுத்துக்கொண்டு போகிறது. அவ்வளவு பாரத்தை மாட்டியும் வண்டியின் பின்பக்கம் ஒரு விரல்கூடத் தாழாமல் நின்றது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கண்ணால் பார்க்காமல் பஸ் ஏற மனசு வரவில்லை. எண்பது வயதில் குனிவது சுலபம், நிமிர்வதுதான் பாடு.

டீ குடித்துவிட்டு வந்த ஓட்டுநர் என்னைக் கண்டு பதறிவிட்டான். "எந்தா அப்பூப்பா, வல்லதும் களஞ்ஞு போயோ?" என்றான். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்திருக்கிறான்.

"ஒண்ணும் தொலையல மோனே. காத்துப் பையைப் பாக்கேன்" என்றேன்.

கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். முன்னால் கூட்டிக்கொண்டு போய் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பொத்தானைக் காட்டினான். அதை அமுக்கினால் பைகளில் காற்று தானே ஏறுமாம். வண்டி நேராக நின்றதும் தானே நின்றுவிடுமாம். "காத்து ஏத்துறதுக்கு முன்னாடி அளக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன். "எதுக்கு அளக்கணும்?" என்று சிரித்தான். பதில் சொல்ல ஆரம்பித்தால் அவனுடைய படப்பிடிப்பே முடிந்துபோகும் என்று விட்டுவிட்டேன். ஓய்வு பெற்றவர்களின் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கூட வேலை பார்த்தவர்கள் ஒரு வருடமாக நச்சரிக்கிறார்கள். அந்தப் பையனுக்குச் சொல்லாத பதிலையே எழுதிவிடுகிறேன்.

நான் வள்ளியூர்ப் பக்கத்துக்காரன். அறுபதுகளின் தொடக்கத்தில் பிழைப்புக்குத் திருவனந்தபுரம் வந்தேன். சாலைக் கம்போளத்துக்குப் பின்னால் ஒரு பட்டறையில் லாரிகளின் பாரம் தாங்கும் வில்பட்டை அடிக்கும் வேலை. எட்டு வருடம் நெருப்பும் சம்மட்டியும், அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ஆஸ்பத்திரி வண்டிகளைப் பார்க்கும் ஓர் அரசுப் பணிமனையில் மெக்கானிக் வேலை கிடைத்தது. கரமனையில் ஆற்றை ஒட்டி வாடகை வீடு பிடித்தேன். பேச்சியம்மாளைக் கட்டினேன், இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். எழுபதுகளின் நடுவில், முப்பத்தைந்து வயதில், இனி புதிதாக எதுவும் நடக்கப்போவதில்லை என்று நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் கோமதி சார் வந்தார்.

சார் என்றதும் மீசையை நினைக்க வேண்டாம். திருவனந்தபுரத்தில் பெண் அதிகாரியையும் சாரே என்றுதான் கூப்பிடுவோம். கோமதி சாருக்கு அப்போது இருபத்தாறு வயது. கரமனை அக்ரகாரத்துப் பெண். இன்ஜினியரிங் படித்துவிட்டு உதவிப் பொறியாளராக நேரே எங்கள் கிரீஸுக்கும் டீசலுக்கும் நடுவே வந்து இறங்கினார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று அம்மா கொல்லைப்புற வழியைக் காட்டுவாராம். "தீட்டுக்கு இல்லை மாணிக்கம், டீசல் வாசனைக்காக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவர் வந்த வருடம்தான் வெளிநாட்டுக்காரர்கள் எங்களுக்கு ஒரு நன்கொடை தந்தார்கள். ஒரு பிக்கப் வண்டி, அது இழுக்க ஒரு டிரெய்லர். டிரெய்லருக்குள் எக்ஸ்ரே எந்திரம், அதற்கு மின்சாரம் தர ஒரு ஜெனரேட்டர், சுவரெல்லாம் ஈயத் தகடு. மலைத் தோட்டங்களில் நெஞ்சுச் சளி உள்ளவர்களை அங்கேயே போய்ப் படம் எடுக்கலாம் என்பது ஏற்பாடு. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் டிரெய்லரின் மூக்கை வண்டியின் கொக்கியில் மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்துவிட்டது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் எழும்பும். முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்காது. முதல் ஓட்டத்தில் பேரூர்க்கடை தாண்டுவதற்குள் டிரைவர் தங்கப்பன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார்.

"எடோ மாணிக்கமே, இது வண்டியோ வள்ளமோ? ஸ்டியரிங்கைத் திருப்பினா அது யோசிச்சிட்டுத்தான் திரும்புது."

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், வில்பட்டையில் இன்னும் இரண்டு பட்டை சேர்ப்பது. சேர்த்தேன். டிரெய்லர் இருக்கும்போது கொஞ்சம் தேவலை. டிரெய்லர் இல்லாமல் ஓட்டினால் பின்னால் உட்கார்ந்து வந்த நர்சுகளின் முதுகு போயிற்று. அவர்கள் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அப்போது கோமதி சார் ஸ்டோருக்குப் போய், நன்கொடையோடு வந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒரு பெட்டியில் கனமான ரப்பரில், இரண்டு மடிப்போடு, பூசணிக்காய் அளவில் இரண்டு உருப்படி. கூட வந்த காகிதம் மழையில் கூழாகிப் போயிருந்தது. ஸ்டோர்க்காரர் பதிவேட்டில் "ரப்பர் பந்து – இரண்டு" என்று எழுதிவைத்திருந்தார். சார் அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பந்தில்லை, காற்றுப் பை. வண்டியின் சட்டத்துக்கும் பின் அச்சுக்கும் நடுவே, வில்பட்டைக்குத் துணையாக, பக்கத்துக்கு ஒன்று நிற்க வேண்டியது. பாரம் ஏற்றும்போது காற்றடித்தால் அது தாங்கும். பாரம் இல்லாதபோது காற்றை இறக்கினால் வண்டி பழையபடி மெத்தென்று ஓடும்.

நான் சேர்த்த பட்டைகளைக் கழற்றிவிட்டு, பைகளைப் பொருத்தத் தாங்கு தகடுகளை நானே அடித்தேன். அதற்குப் பிறகான நாலு மாதத்தைத்தான் நான் இன்றும் நினைத்து ஏங்குகிறேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

கோமதி சாரின் வேலை முறை தனி. சத்தம் போட மாட்டார். "செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகவும் மாட்டார். காதில் பென்சிலும் கையில் சாக்கட்டியுமாக வண்டிக்குக் கீழே நம்மோடு அவரும் படுத்திருப்பார். எதையும் மூன்று தடவை அளப்பார். ஒருநாள் சாலைக் கம்போளத்தில் ஓர் அரிசிக்காரரிடமிருந்து மூட்டை நிறுக்கும் தராசை இரவல் வாங்கி வந்து, டிரெய்லரின் மூக்கை அதன் மேல் இறக்கினார். கொக்கியை எவ்வளவு பாரம் அழுத்துகிறது என்று அப்படித்தான் கண்டுபிடித்தோம். டிரெய்லருக்குள் ஜெனரேட்டரை முன்னால் தள்ளினால் கொக்கியில் பாரம் கூடும், பின்னால் தள்ளினால் குறையும். அதிகமாகக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். சரியான இடம் பிடிக்க ஒரு முழு நாள் ஆயிற்று. அரிசிக்காரர் தராசைக் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

அதிலிருந்து அவர் ஒரு முறை வகுத்தார். பைகளில் ஐந்து பவுண்டு காற்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை இறக்க வேண்டும். அதையும் இறக்கினால் ரப்பர் மடிந்து தன்னையே கடித்துக்கொள்ளும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நாலு மட்கார்டின் விளிம்பும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சாக்கட்டியால் அங்கேயே எழுத வேண்டும். பிறகு டிரெய்லரை மாட்டி மறுபடி அளக்க வேண்டும். பின்பக்கம் மூன்று விரல் வரை தாழலாம். அதற்கு மேல் தாழ்ந்தால் டிரெய்லருக்குள் பாரம் தப்பான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். திறந்து மாற்றி வைக்க வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் பம்பை எடுக்கலாம்.

"காத்து கடைசி. அதை மறந்துடாதேள் மாணிக்கம்" என்பார். "பை வண்டியைத் தூக்கும். ஆனா கொக்கியைத் தாங்கற சட்டத்துக்கு அது ஒரு பலமும் தராது. வண்டி குந்தினாத்தான் பாரம் ஜாஸ்தின்னு நமக்குத் தெரியும். முதல்லயே காத்தை ஏத்தி நேரா நிறுத்திட்டா யார் நமக்குச் சொல்லுவா?"

சோதனை ஓட்டத்துக்குக் கல்லாறு வரை போவோம். பிறகு பொன்முடி ஏற்றத்தில் நாலைந்து வளைவு ஏறி இறங்குவோம். தங்கப்பன் ஓட்டுவார், நான் அவர் பக்கத்தில். சார் பின்னால் திறந்த பெட்டியில் திரும்பி உட்கார்ந்து கொக்கியையே பார்த்துக்கொண்டு வருவார். மழை பெய்தால் தலையில் ஒரு தார்ப்பாய்த் துண்டு. மத்தியானம் கல்லாற்றங்கரையில் சாப்பாடு. அவர் கொண்டுவந்த தயிர்சாதத்தை மூன்றாகப் பிரிப்பார். தங்கப்பனின் மீன்குழம்புப் பொட்டலம் திறந்ததும் காற்று வரும் திசை பார்த்து இடம் மாறி உட்கார்வார். ஒருநாள் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "சாரே, வண்டி நேரே போகுந்நு!" என்று தங்கப்பன் கத்தினார். பின்னாலிருந்து சார் கைதட்டிய சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்தான் எனக்கு வேலை என்றால் நினைவுக்கு வருவது. வேறு என்னென்னவோ பழுது பார்த்திருக்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை.

வீட்டில் பேச்சியம்மாள் சோறு போடும்போதே, "ஒங்க சாரு இன்னைக்கு என்ன சொன்னாவ?" என்று ஆரம்பிப்பாள். நான் காற்றுப் பை புராணம் பாடுவேன். "கெட்டின பொண்டாட்டிய ஒருநாளாவது இப்படி அளந்து பாத்திருக்கேளா?" என்று கேட்டாள் ஒரு தடவை. அவள் கேலியாகத்தான் கேட்டாள். நான்தான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். தப்பாக ஒன்றும் நடக்கவில்லை, நடக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. ஆனால் காலையில் பணிமனைக்குப் போகக் கால் தானாக வேகமாக நடந்தது என்பது உண்மை.

எங்கள் பணிமனை சூப்பிரண்டுக்கு மட்டும் இது எதுவும் பிடிக்கவில்லை. "காத்து நிறைச்ச பையும் வெச்சு மலை கேறானோ? பெண்குட்டிக்கு டிராயிங் மேசை மதி" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்வார். பெண்பிள்ளைக்கு வரைபட மேசை போதுமாம். கடைசியில் மேலே எழுதி ஒரு முடிவு வாங்கிவிட்டார். போனக்காடு தோட்டத்துக்கு முதல் பயணம் ஒழுங்காகப் போய் வந்தால் வண்டியும் பணிமனையும் கோமதி சார் பொறுப்பில் இருக்கும். வழியில் ஏதாவது ஆனால் டிரெய்லரை வாடகை லாரி இழுக்கும், சார் வரைபடப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "வரைஞ்சு கொடுக்கறதுக்கா நான் படிச்சேன்? வண்டியைத் தொடாம எனக்கு ஒரு நாள் இருக்க முடியாது மாணிக்கம்" என்றார்.

பயண நாள் காலை. வண்டிக்கு மாலை, கற்பூரம், எலுமிச்சம்பழம். பெரிய அதிகாரி வந்து கொடி காட்டுவதாக ஏற்பாடு. நன்கொடை தந்தவர்களில் இரண்டு பேர் முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள், சூப்பிரண்டும் அவர்கள் பக்கத்தில். கோமதி சார் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பெரிய அதிகாரியை வரவேற்க கேட்டில் நின்றார். நான் டிரெய்லர் மாட்டத் தயாரானேன். மாட்டினால் வண்டி குந்தும். அப்புறம்தான் அளந்து, காற்றடித்து, நிமிர்த்த வேண்டும். காலால் மிதிக்கிற பம்பு, கால் மணி நேரமாவது ஆகும். அந்தக் கால் மணி நேரமும் வண்டி அத்தனை பேர் முன்னால் குந்திக்கொண்டு நிற்கும். சூப்பிரண்டு வாயில் வெற்றிலையோடு சிரிக்கத் தயாராக இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய வண்டி அப்படி நிற்பதை அவர்கள் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. யாரும் கவனிக்காதபடி வண்டிக்கு மறுபக்கம் நின்று, பம்பை எடுத்து இரண்டு பையிலும் முதலிலேயே காற்றை ஏற்றினேன். பிறகு டிரெய்லரை மாட்டினேன். வண்டி அசையவில்லை. கோடு போட்டதுபோல நேராக நின்றது. நாற்காலிக்காரர்கள் தலையாட்டினார்கள், சூப்பிரண்டு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு முன்னதாகவே அனுப்பினால் வைக்க இடம் போதாது என்று, படம் கழுவும் மருந்துக் கேன்களையும் ஈய அங்கிப் பெட்டியையும் உபரி பாட்டரிகளையும் அன்று காலை டிரெய்லரின் மூக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருந்தார்கள். காற்று இல்லாமல் மாட்டியிருந்தால் வண்டி ஆறு விரல் தாழ்ந்து எனக்குச் சொல்லியிருக்கும். நான்தான் அதன் வாயைக் கட்டிவிட்டேனே.

சார் வந்தவர்களைக் கவனிக்கப் பணிமனையிலேயே தங்கிவிட்டார். நானும் தங்கப்பனும் நெடுமங்காடு தாண்டினோம், வித்துராவில் டீ குடித்தோம். வண்டி அருமையாக ஓடியது. தங்கப்பன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். தோட்டத்துச் சாலையில் ஏறியதும் குழிகள் வந்தன. ஒரு வளைவில் பின்னால் மரம் முறிகிற மாதிரி சத்தம். கொக்கியைத் தாங்கிய குறுக்குச் சட்டம் பற்றவைத்த இடத்தில் பிளந்துவிட்டது. டிரெய்லர் மூக்குக் குத்தி விழுந்தது. இரண்டையும் பிணைத்திருந்த சங்கிலிகள் பிடித்து இழுத்ததில் வண்டி குறுக்கே திரும்பிப் பாறையில் மோதி நின்றது. டிரெய்லர் ஓடைப் பக்கம் கவிழ்ந்தது. தங்கப்பனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. எனக்குக் கன்னத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். டிரெய்லருக்குள் கண்ணாடி நொறுங்கி விழுந்துகொண்டே இருந்தது.

அந்த வழியாக வந்த தோட்டத்து ஜீப்பில் தங்கப்பனை வித்துராவுக்கு அனுப்பினேன். பணிமனைக்குத் தகவல் சொல்லும்படி அதிலேயே சொல்லிவிட்டு, மேலே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் வள்ளியூர்ப் பக்கத்துத் தமிழ் ஜனம்தான். கூலியை விட்டுவிட்டு, துவைத்த சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, ஏதோ போட்டோ எடுக்கப்போகிறவர்கள் மாதிரி வந்திருந்தார்கள். எந்திரம் வராது என்றேன். முன்னால் நின்ற ஒரு பெண் இருமி முடித்துவிட்டு, "நாளைக்கு வருமாய்யா?" என்று கேட்டாள். வரும் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

மத்தியானத்துக்கு மேல் கோமதி சார் வந்து சேர்ந்தார். அதே பட்டுப்புடவை. என் கன்னத்தைப் பார்த்தார், தங்கப்பன் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். பிறகு சேற்றில் முட்டி போட்டு வண்டிக்கு அடியில் கையை நீட்டிப் பைகளைத் தொட்டார். இரண்டும் கல் மாதிரி நிறைந்திருந்தன. கொஞ்சம் காற்றுகூடப் போகவில்லை.

"சாரே, நான் காத்தை முதல்லயே ஏத்திட்டேன்" என்றேன். "அவங்க முன்னாடி வண்டி குந்தி நின்னா சிரிப்பாங்களேன்னு..."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கவிழ்ந்த டிரெய்லரைப் பார்த்தார். "இதை வேற யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார்.

விசாரணையில் என்னைக் கூப்பிட்டு, முறைப்படி செய்தாயா என்று கேட்டார்கள். "சாரு சொன்னபடி செஞ்சேன்" என்றேன். அதற்குள் அவர் எழுதிக் கொடுத்திருந்தார்: முறை என்னுடையது, பணிமனை என்னுடையது, தவறும் என்னுடையது. என் பெயர் அதில் எங்கும் இல்லை. அடுத்த வாரம் அவர் வரைபடப் பிரிவுக்குப் போனார். பைகளைக் கழற்றச் சொன்னார்கள், நானே கழற்றினேன். எக்ஸ்ரே எந்திரம் அப்புறம் மலை ஏறவே இல்லை. படம் எடுக்க வேண்டியவர்கள் பஸ் ஏறித் திருவனந்தபுரம் வந்தார்கள், வர முடிந்தவர்கள்.

என் இரண்டு பெண்களையும் நினைத்துத்தான் சார் அப்படிச் செய்தார் என்று நானே எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடம். அந்தச் சம்பளத்தில்தான் பெரியவளைக் கட்டிக் கொடுத்தேன், சின்னவளைப் படிக்கவைத்தேன். ஏதாவது சாக்கு வைத்து அந்த அலுவலகத்துக்குப் போவேன். மதில் சுவருக்கும் சாக்கடை மூடிக்கும் கோடு போட்டுக்கொண்டிருப்பார். "வண்டியெல்லாம் எப்படி ஓடறது?" என்று முதலில் கேட்பார். போகப் போக அதையும் கேட்பதை விட்டுவிட்டார். திரும்பி வரும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டும். கூடவே, வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு சந்தோஷமும் இருக்கும். எனக்காக ஒரு மனுஷி இவ்வளவு செய்திருக்கிறாள் என்ற சந்தோஷம்.

எண்பதுகளின் கடைசியில் அவர் கோழிக்கோட்டுக்குப் பதவி உயர்வில் போனார். கடைசி நாள் பார்க்கப் போனேன். மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவர் என்னை உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த நாளைப் பற்றி அவரே பேசினார்.

"ஒண்ணு சொல்லணும் மாணிக்கம். அன்னிக்குக் காலம்பற நான் கேட்லேந்து பாத்துண்டுதான் இருந்தேன். டிரெய்லரை மாட்டினேள், வண்டி குந்தவே இல்லை. காத்து முதல்லயே ஏத்தியாச்சுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது. இறக்கிட்டு அளங்கோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னாடி அது நேரா நின்னுது பாத்தேளா, அது போறும்னு இருந்துட்டேன். அதனாலதான் என் பேர்ல எழுதிண்டேன். உங்களுக்காக இல்லை, கேட்டேளா. நீங்க அதை நெனச்சு நெனச்சு இங்க வந்து நிக்கறது எனக்குத் தெரியும். இனிமே வேண்டாம். உங்க தப்பு பாதி, என் தப்பு பாதி. விட்டுடுங்கோ."

"சரி சாரே" என்றேன். அவருடைய பெட்டியைக் கீழே ஆட்டோ வரை தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். கையசைத்துவிட்டுப் போனார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

என் பாரத்தை இறக்கிவைக்கத்தான் அதைச் சொன்னார், நல்ல மனசு. கரமனை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இப்போது நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எனக்காகச் செய்தார் என்ற நினைப்பு ஒன்றுதான் அந்த நாலு மாதத்திலிருந்து எனக்கென்று மிஞ்சியிருந்தது. அதை அன்று அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.